60 எஃப்பிஎஸ் ஓடியும் கேம் விக்குவது ஏன்?

திரை மூலையில், வினாடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) வருகிறது என்று எண்ணும் எஃப்பிஎஸ் கவுண்டர் 60 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது சுவரின் விளிம்பு லேசாக உதறும். ஓடும் பாத்திரம் கண்ணுக்குத் தெரியாத கல்லில் இடறுவதுபோல ஓடும். யூனிட்டி, அன்ரியல், கோடோ என்று எந்த கேம் எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருளில்) வேலை செய்தாலும் இந்தக் குறை ஒருநாள் வந்தே தீரும். வந்ததும் பலர் நிழலின் தரத்தைக் குறைப்பார்கள், பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரைச் சிறிதாக்குவார்கள். கவுண்டர் 60இலிருந்து 75க்கு ஏறும். விக்கல் அப்படியே இருக்கும். ஓடும் கேமுக்குள் குறைந்தது மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன: திரை புதுப்பிக்கும் கடிகாரம், இயற்பியல் கணக்கின் கடிகாரம், நம் கோட் ஓடும் ஃப்ரேம் கடிகாரம். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதும், ஏதோ ஒரு ஃப்ரேமின் தலையில் எதிர்பாராத வேலை விழும்போதும் விக்கல் பிறக்கிறது. சராசரி வேகத்தைக் கூட்டுவது இந்த இரண்டில் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை.

முதலில் அளவையை மாற்றிக்கொள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லி வினாடிக்கு ஒரு படம் கேட்கிறது. 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.33, 144 என்றால் 6.94. அந்தக் கெடுவுக்குள் இன்புட் படிப்பது, ஏஐ, இயற்பியல், அனிமேஷன், வரையும் கட்டளைகளைத் தயாரிப்பது, வரைகலைச் சிப்பான ஜிபியு வரைந்து முடிப்பது எல்லாம் நடந்தாக வேண்டும். ஒரு வினாடியில் 50 ஃப்ரேம்கள் தலா 16 மில்லி வினாடியில் முடிந்து, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 200 மில்லி வினாடி இழுத்தால், கவுண்டர் 51 என்று காட்டும். எண் மோசமில்லை. விளையாடுபவருக்கோ அந்த ஐந்தில் ஒரு வினாடி கேம் உறைந்து நின்றது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

எஃப்பிஎஸ்ஸைக் கழித்துப் பார்ப்பதும் ஏமாற்றும். ஒரு எஃபெக்டைச் சேர்த்ததும் 900இலிருந்து 450க்கு விழுந்தது என்றால் பதறத் தோன்றும். 1.11 மில்லி வினாடி 2.22 ஆயிற்று, கூடிய செலவு 1.11தான். அதே 1.11ஐ 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் காட்சியில் சேர்த்தால் 56.25 ஆகும். காலிக் காட்சியில் எஃப்பிஎஸ் பார்த்து ஒரு அம்சத்தைத் தூக்கி எறிவதற்கு முன் மில்லி வினாடிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். குழுவுக்குள் பேசும்போதே "இது எத்தனை மில்லி வினாடி?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டெல்டாவால் பெருக்கினால் போதுமா?

கேமின் ஓட்டத்தை இயந்திரத்தின் வேகத்தோடு கட்டிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவை வேகமாக நகரும். ஒரு ஃப்ரேமுக்கு ஓர் எதிரி என்று முறைவைத்து நகர்த்தியதால், எதிரிகள் குறைந்தால் ஒவ்வொன்றின் முறையும் சீக்கிரம் வந்தது. அந்த வேகமே ஆட்டத்தின் உயிராகவும் ஆயிற்று. 4.77 மெகாஹெர்ட்ஸ் பிசிக்கு எழுதிய கேம்கள் அடுத்த தலைமுறை இயந்திரத்தில் ஆட முடியாத வேகத்தில் பறந்ததால்தான், பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் இருந்த டர்போ பட்டன் வேகத்தைக் குறைக்கவும் பயன்பட்டது.

இதற்கு வந்த மருந்துதான் டெல்டா டைம்: போன ஃப்ரேமுக்கு ஆன நேரத்தால் நகர்வைப் பெருக்குவது. நேர்கோட்டில் சீரான வேகத்தில் நகரும் பொருளுக்கு இது சரி. மற்ற எல்லா இடத்திலும் கவனம் தேவை.

மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸ் தரும் எண், போன ஃப்ரேமிலிருந்து கை நகர்ந்த மொத்தத் தூரம். நேரம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அதை மீண்டும் டெல்டாவால் பெருக்கினால், ஃப்ரேம் நீளும்போதெல்லாம் கேமரா கூடுதலாகத் திரும்பும். ஏற்கெனவே இருக்கும் சிறு விக்கல் இரட்டிப்பாகத் தெரியும். கேம்பேட் குச்சி தருவது வேகம். அதைப் பெருக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் கூட்டி டெல்டாவால் பெருக்கும் கோட் மிகச் சாதாரணமாகக் கண்ணில் படுகிறது.

அடுத்தது, கேமரா மென்மையாகப் பின்தொடர எல்லோரும் எழுதும் லெர்ப் (இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஒரு விகிதத்தில் நகர்த்தும் கணக்கு). ஒவ்வொரு ஃப்ரேமிலும் மீதித் தூரத்தில் 10 சதவீதம் நகர்த்துவதாக வையுங்கள். அரை வினாடி கழித்து 30 எஃப்பிஎஸ்ஸில் 20.6 சதவீதம் மிச்சம் இருக்கும், 60இல் 4.2 சதவீதம், 144இல் 0.05 சதவீதம். ஒரே கேமரா மூன்று கணினியில் மூன்று விதமாக நடக்கிறது. 0.1க்குப் பதில் 6 × டெல்டா என்று போடுவது அரைகுறை மருந்து. ஃப்ரேம் நீண்டால் அந்த எண் 1ஐயே தாண்டிவிடும். சரியான விகிதம், 1இலிருந்து எக்ஸ்ப்(−கே × டெல்டா) கழித்து வருவது; எக்ஸ்ப் என்பது e-இன் அடுக்கு, கே நாம் தேர்ந்தெடுக்கும் வேக எண். 60 எஃப்பிஎஸ்ஸில் 10 சதவீதம் என்ற பழைய உணர்வு வேண்டுமானால் கே ஏறத்தாழ 6.3.

முடுக்கம் வந்துவிட்டால் டெல்டா பெருக்கலே தவறான விடை தரும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே குதிக்கிறது பாத்திரம்; ஈர்ப்பு முடுக்கம் 20 என்று வைத்திருக்கிறோம். தாளில் கணக்கிட்டால் உயரம் 2.5 மீட்டர். முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு இடத்தை நகர்த்தும் வழக்கமான முறையில் 30 எஃப்பிஎஸ்ஸில் 2.33 மீட்டர்தான் எழும்பும், 60இல் 2.42, 120இல் 2.46. மேடையை 2.4 மீட்டர் உயரத்தில் வைத்துவிட்டால் பழைய கணினி வைத்திருப்பவர் அந்த மட்டத்தை முடிக்கவே முடியாது. அவர் அனுப்பும் புகார் "ஜம்ப் வேலை செய்யவில்லை" என்றிருக்கும். நம் கணினியில் எத்தனை முறை குதித்துப் பார்த்தாலும் குறை தெரியாது. குவேக் 3இல் எஃப்பிஎஸ்ஸை 125இல் நிறுத்தி விளையாடியவர்கள் மற்றவர்களைவிட உயரமாகக் குதித்ததும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஃப்ரேம் நேரத்தை முழு மில்லி வினாடியாகவும் வேகத்தை முழு எண்ணாகவும் வட்டமாக்கியதில், 8 மில்லி வினாடி ஃப்ரேம் அவர்களுக்குச் சாதகமாக விழுந்தது.

இயற்பியலுக்குத் தனிக் கடிகாரம்

ஆகவே எஞ்சின்கள் இயற்பியலை நிலையான இடைவெளியில் ஓட்டுகின்றன. யூனிட்டியின் ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப் இயல்பாக 0.02 வினாடி, அதாவது வினாடிக்கு 50 முறை; ஒவ்வொரு முறையும் ஒரு படி. கோடோவில் இயல்பு 60. அன்ரியலில் இயல்பு நிலையில் இயற்பியல் ஃப்ரேமோடு சேர்ந்தே ஓடும். சப்ஸ்டெப்பிங்கை நாமே இயக்கினால் நீண்ட ஃப்ரேமைச் சிறு படிகளாக உடைத்துக்கொள்ளும். நிலையான படி முறையில் நடப்பது எளிது: ஃப்ரேமுக்கு ஆன நேரத்தை ஒரு உண்டியலில் போட்டுக்கொண்டே வருவது, உண்டியலில் ஒரு படிக்கான நேரம் சேர்ந்ததும் எடுத்து ஒரு படி ஓட்டுவது, மிச்சத்தை அடுத்த ஃப்ரேமுக்கு விட்டுவைப்பது.

யூனிட்டியில் புதிதாகத் தொடங்குபவர்களைச் சுற்ற விடும் விக்கல் இங்கேதான் இருக்கிறது. திரை வினாடிக்கு 60 படம் கேட்கிறது. இயற்பியல் 50 முறைதான் நகர்கிறது. ஆறு ஃப்ரேமுக்கு ஐந்து படி. ஆறாவது ஃப்ரேமில் பொருள் போன ஃப்ரேமில் இருந்த இடத்திலேயே நிற்கும். வினாடிக்கு 10 முறை இப்படி நின்று நின்று போவதைத்தான் கண் உதறலாகப் பார்க்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் 94 ஃப்ரேம்களில் படியே ஓடாது. விலை உயர்ந்த திரையில் நடுக்கம் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

படியை 1/60 ஆக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. பல திரைகள் உண்மையில் 59.94 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஏறத்தாழ 17 வினாடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேமில் இரண்டு படி விழுந்து ஒரு குதிப்பு வரும். அதைவிட, 75, 120, 144, 165 என்று திரைகள் பலவிதம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது.

முறையான வழி இன்டர்பொலேஷன். கடைசி இரண்டு படிகளின் நிலைகளையும் வைத்துக்கொண்டு, உண்டியலில் மிஞ்சியிருக்கும் நேரத்தின் விகிதத்தில் இடையிலான இடத்தில் பொருளை வரைவது. யூனிட்டியில், பொருளை இயற்பியலுக்கு உட்படுத்தும் ரிஜிட்பாடியின் இன்டர்பொலேட் அமைப்பை நாமே இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். கோடோ 4 வரிசையில் 2டிக்கு 4.3இலும் 3டிக்கு 4.4இலும் இந்த வசதி வந்தது. இதற்கு ஒரு விலை உண்டு: திரையில் தெரிவது ஒரு படி அளவுவரை பழைய நிலை. 50 ஹெர்ட்ஸில் அது 20 மில்லி வினாடிவரை. பெரும்பாலான கேம்களுக்கு இது தாராளமாகத் தாங்கக்கூடிய விலை. பந்தை அடிக்கும் நொடியே முக்கியமான கேம்களில் படி எண்ணிக்கையை 100 அல்லது 120 ஆக உயர்த்திவிட்டு இன்டர்பொலேஷனையும் வைத்துக்கொள்வது நல்லது.

இயக்கிய பிறகும் விக்குகிறது என்றால் கோட்டுக்குள் தேட வேண்டியவை சில உண்டு. ரிஜிட்பாடி இருக்கும் பொருளின் டிரான்ஸ்ஃபார்மை (இடம், திருப்பம் ஆகியவற்றை), ஃப்ரேமுக்கு ஒருமுறை ஓடும் அப்டேட்டுக்குள் யாராவது நேரடியாக எழுதினால், அந்த நொடியே இன்டர்பொலேஷன் கெட்டுவிடும். விசைகளுக்கு ஆட்படாமல் கோட் நகர்த்தும் கினமேட்டிக் பொருளை மூவ்பொசிஷன் வழியாக நகர்த்த வேண்டும். கேமராவை, இயற்பியல் படியோடு ஓடும் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் நகர்த்தினால், மென்மையாக வரையப்படும் பாத்திரத்தை 50 ஹெர்ட்ஸ் கேமரா பின்தொடரும். பாத்திரம் நடுங்குவதுபோலத் தெரிந்தாலும் நடுங்குவது கேமராதான். கேமரா, எல்லா அப்டேட்டும் முடிந்த பின் ஓடும் லேட் அப்டேட்டில் இருக்கட்டும். ஒரு கதவு வழியாகப் பாத்திரத்தை வேறு இடத்துக்குத் தூக்கி வைக்கும்போது, பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவே ஒரு ஃப்ரேம் மின்னும். கோடோவில் இடம் மாற்றிய கையோடு ரீசெட் பிசிக்ஸ் இன்டர்பொலேஷனை அழைத்தால் அது நிற்கும்.

இன்புட் விஷயத்தில் இன்னொரு பொறி. "பட்டன் இப்போது அழுத்தப்பட்டது" என்ற செய்தி ஒரு ஃப்ரேமுக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். அதை யூனிட்டியின் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் படித்தால், படி ஓடாத ஃப்ரேமில் அழுத்தியது காணாமல் போகும். ஒரே ஃப்ரேமில் இரண்டு படி ஓடினால் இரண்டு குதிப்பாகும். அப்டேட்டில் படித்து ஒரு கொடியை உயர்த்திவைத்து, அடுத்த படியில் அதைப் பயன்படுத்தி இறக்கிவிட வேண்டும். "சில நேரம் ஜம்ப் எடுக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

நிலையான படிக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு படியைக் கணக்கிடவே 25 மில்லி வினாடி ஆகிறது, படியோ 20 மில்லி வினாடி என்றால், கடனை அடைக்க ஓட்டும் ஒவ்வொரு படியும் புதுக் கடனைச் சேர்க்கும். ஃப்ரேம் நீள, அடுத்த ஃப்ரேமில் படிகள் கூட, கேம் சில வினாடிகளில் உறைந்துவிடும். அதனால் ஒரு ஃப்ரேமில் இத்தனை படிக்கு மேல் வேண்டாம் என்று எஞ்சின்கள் வரம்பு வைக்கின்றன. கோடோவில் இயல்பு 8. யூனிட்டியில் மேக்சிமம் அலவ்டு டைம்ஸ்டெப் அதே வேலையைச் செய்கிறது. வரம்பைத் தொட்டால் கேம் மெதுவாகும், ஆனால் உயிரோடு இருக்கும். சொந்தமாக லூப் எழுதுபவர்கள் மறக்கும் முதல் வரி இது.

கடிகாரம் பற்றிப் பேசும்போது ஒரு சிறு எச்சரிக்கை: ஓடிய மொத்த நேரத்தை 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் வகையில்) வைக்காதீர்கள். 16,384 வினாடி, அதாவது நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும், அந்த எண்ணால் ஏறத்தாழ 2 மில்லி வினாடிக்குக் கீழ் பிரித்துச் சொல்ல முடியாது. 18 மணி நேரம் தாண்டினால் அது 8 மில்லி வினாடியை நெருங்கும். இரவு முழுக்க ஓடவிட்ட டெமோ காலையில் நடுங்கினால் முதலில் இதைப் பாருங்கள். யூனிட்டியில் இதற்கு 64 பிட் எண்ணாக நேரம் தரும் டைம் ஆஸ் டபுள் இருக்கிறது.

ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் நீள்வது

கடிகாரங்கள் ஒத்துப்போன பிறகும் எப்போதாவது வரும் பெரிய இடறல்கள் வேறு வகை. இவற்றில் முதலாவது குப்பை சேகரிப்பு, அதாவது பயன்படாமல் கிடக்கும் நினைவகத்தை மீட்பது. யூனிட்டி பயன்படுத்தும் போம் கலெக்டர், புதிய பொருள் பழைய பொருள் என்று தலைமுறை பிரிப்பதில்லை. ஹீப் (பொருள்கள் இருக்கும் நினைவகம்) முழுவதையும் தேடும். ஃப்ரேமுக்கு 1 கிலோபைட் மட்டும் ஒதுக்குகிறோம் என்றாலும் 60 எஃப்பிஎஸ்ஸில் நிமிடத்துக்கு 3.6 மெகாபைட் குப்பை. ஸ்கோரைக் காட்டும் வரியில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஸ்ட்ரிங்கை ஒட்டுவது, சி#இன் லிங்க் (LINQ) வினவல்கள், மாறிகளைச் சிறைப்பிடிக்கும் லாம்ப்டாக்கள் (பெயரில்லாச் சிறு செயல்கூறுகள்), புது அரே திருப்பித்தரும் இயற்பியல் வினவல்கள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். ஸ்கோர் மாறும்போது மட்டும் எழுத்தை மாற்றுவது, குண்டுகளையும் வெடிப்புகளையும் முன்கூட்டியே உருவாக்கி மறுபடி மறுபடி பயன்படுத்துவது, புது அரே ஒதுக்காத நான்அலாக் வகை அழைப்புகள், இவற்றாலேயே பெரும்பகுதி தீரும். 2019 பதிப்பிலிருந்து கிடைக்கும் இன்கிரிமென்டல் முறை, ஒரே நீண்ட நிறுத்தத்தைப் பல ஃப்ரேம்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மொத்த வேலை குறைவதில்லை. அன்ரியலிலும் எஞ்சினின் அடிப்படைப் பொருள்களான யூஆப்ஜெக்ட்டுகளுக்குக் கலெக்டர் உண்டு, இயல்பாக ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். சரியாக நிமிடத்துக்கு ஒரு விக்கல் என்றால் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டாவது ஷேடர் தொகுப்பு, அதாவது ஜிபியுவில் ஓடும் வரையும் நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றுவது. கணினி கேம்களைப் பல ஆண்டுகளாகப் படுத்தும் நோய் இது. ஜிபியுவோடு பேசும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும், ஒரு பொருளை வரைய ஷேடர், வெர்டெக்ஸ் வடிவம், பிளெண்ட் முறை, ரெண்டர் டார்கெட்டின் வகை எல்லாம் சேர்ந்த ஒரு பைப்லைன் பொருளை முன்பே உருவாக்க வேண்டும். உருவாக்கும்போதுதான் டிரைவர் அந்த ஜிபியுவுக்கான இயந்திர மொழியைத் தொகுக்கிறது. பத்து மில்லி வினாடியிலிருந்து நூற்றுக்கணக்கில்கூட ஆகலாம். முதல் முறை தீப்பிழம்பு தெரியும்போது, முதல் முறை தண்ணீருக்குள் இறங்கும்போது விக்கும். இரண்டாம் முறை விக்காது. அந்த "முதல் முறை மட்டும்" என்பதே இந்த நோயின் அடையாளம். கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் தொகுத்தே அனுப்பிவிடலாம். கணினியில் ஜிபியு, டிரைவர் பதிப்பு இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்துவைத்ததும் செல்லாது.

அன்ரியல் 5 வரிசையில் வந்த பிஎஸ்ஓ (பைப்லைன் பொருள்) பிரிகேஷிங், பொருள் ஏற்றப்படும்போதே தேவைப்படும் பைப்லைன்களைப் பின்னணியில் தொகுக்கத் தொடங்குகிறது. கோடோ 4.4 ஒரு பொதுவான பெரிய ஷேடரை முதலில் வைத்து வரைந்துவிட்டு, சிறப்பு ஷேடர் தயாரானதும் மாற்றிக்கொள்கிறது. யூனிட்டியில் ஷேடர் வேரியன்ட் கலெக்ஷனை ஏற்றும் திரையில் வார்ம்அப் (முன்கூட்டியே தொகுப்பது) செய்யலாம். ஆனால் எந்த வழியில் போனாலும் சோதனை சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. உருவாக்குபவரின் கணினியில் டிரைவரின் கேஷ் (முன்பு தொகுத்ததைச் சேமிக்கும் இடம்) எப்போதும் நிரம்பியிருக்கிறது. அவர் இந்த விக்கலைப் பார்ப்பதே இல்லை. வாரம் ஒருமுறையாவது டிரைவரின் ஷேடர் கேஷை அழித்துவிட்டு, கட்டிய பதிப்பை (பில்டை) முதலிலிருந்து விளையாடிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எத்தனை ஃப்ரேம் 50 மில்லி வினாடியைத் தாண்டியது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஓட்டத்தின் நடுவே டெக்ஸ்சர் ஏற்றுவது. 4096 × 4096 படம் சுருக்காமல் 64 மெகாபைட், மிப்மேப்போடு (தூரத்தில் தெரியும்போது பயன்படும் சிறு பிரதிகளோடு) 85. பிசி7 (BC7) என்ற முறையில் சுருக்கினால் மிப்மேப் இல்லாமல் 16. இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை: சுருக்குங்கள், பின்னணி இழையில் ஏற்றுங்கள்.

திரையோடு பேசுவது

வீசிங்க் (படத்தைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைப்பது) இயங்கி, இரண்டு பஃபர் (படம் தயாராகும் நினைவிடம்) மட்டும் இருந்தால், 17 மில்லி வினாடியில் முடிந்த ஃப்ரேம் அடுத்த வாய்ப்பான 33.33 வரை காத்திருக்கும். 0.33 மில்லி வினாடி தாமதத்துக்கு 60 ஒரேயடியாக 30 ஆகிவிடுகிறது. மூன்று பஃபர் இதைத் தளர்த்தும், பதிலுக்குத் தாமதம் சற்றுக் கூடும். மாறும் புதுப்பிப்பு வீதம் உள்ள திரையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எல்லோரிடமும் அந்தத் திரை இருக்கும் என்று நம்பி வெளியிடக் கூடாது. நடுங்கும் 55ஐவிட உறுதியான 30 கண்ணுக்கு இதமானது. தரமும் தாளமும் மோதினால் தாளத்தைக் காப்பாற்றுவதே சரி.

சொந்தமாக ஃப்ரேம் வரம்பு எழுதுபவர்கள் விண்டோஸின் ஸ்லீப்பை நம்பி ஏமாறுவார்கள். அதன் இயல்பான டைமர் துல்லியம் 15.6 மில்லி வினாடி. 1 மில்லி வினாடி தூங்கச் சொன்னால் முழு ஃப்ரேமையே தூங்கித் தொலைக்கலாம். டைமர் துல்லியத்தை 1க்கு மாற்றிக்கொண்டு, கெடுவுக்கு 2 மில்லி வினாடி முன்புவரை தூங்கி, மிச்சத்தைச் சுழன்று காத்திருந்து கழிப்பதே நடைமுறை.

அளக்கும்போது எடிட்டருக்குள் அளக்காதீர்கள். எடிட்டர் தன் ஜன்னல்களை வரையும் செலவும் அதில் சேரும். கட்டிய பதிப்போடு, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரை இணைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டி ப்ரொஃபைலரில் வெயிட் ஃபார் பிரசன்ட் என்ற பட்டை நீளமாக இருந்தால் அது நம் கோட்டின் குற்றமல்ல; சிபியு தன் வேலையை முடித்துவிட்டு ஜிபியுவுக்கோ வீசிங்க்குக்கோ காத்திருக்கிறது. அதை "சரிசெய்ய" ஸ்கிரிப்ட்டுகளைத் திருத்தி நாட்களை இழக்காதீர்கள். அன்ரியலில் ஸ்டாட் யூனிட் போட்டால் கேம், டிரா, ஜிபியு என்று மூன்று எண்கள் வரும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதால் எது பெரியதோ அதுவே ஃப்ரேமின் நீளம். மற்ற இரண்டைக் குறைத்தால் ஒன்றும் மாறாது. வரையும் அளவைப் பாதியாக்கிப் பார்ப்பது இன்னொரு விரைவான சோதனை: ஃப்ரேம் நேரம் விழுந்தால் ஜிபியுவின் பிக்சல் வேலை, அசையாவிட்டால் சிபியு பக்கம்.

மொபைலில் இன்னொரு எதிரி சூடு. முதல் ஐந்து நிமிடம் 60 ஓடிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் 40க்கு இறங்கும். சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடுகிறது. 30 எஃப்பிஎஸ் இலக்கு என்றால் 33.33 முழுவதையும் செலவழிக்காமல் 22 மில்லி வினாடிக்குள் முடித்து, மிச்ச நேரம் சிப்பை ஓய்வெடுக்க விட வேண்டும். மொபைலில் யூனிட்டி இயல்பாகவே 30இல் நிறுத்திவிடும் என்பதையும், 60 வேண்டுமானால் டார்கெட் ஃப்ரேம்ரேட்டை நாமே எழுத வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சோதனை குறைந்தது இருபது நிமிடம், உறையோடு, சார்ஜ் ஏறும் நிலையில் நடக்கட்டும். பலரும் போனில் விளையாடுவது அப்படித்தான்.